எங்க வீட்டு குரூப்பு: ஞாயித்துக்கிழம மழை வருமா?

செல்வி: ஞாயித்துக்கிழம சுகன்யா வளைகாப்பு, ஆறு மணிக்கு மேல, மொட்டமாடில. பந்தலுக்கு இன்னிக்கே அட்வான்ஸ் கேக்குறாங்க. குடுத்துடவா?

லட்சுமி அத்தை: *அவசரம்* ஞாயிறு சென்னைக்கு புயல். ரெட் அலர்ட். மூணு நாளைக்கு பால், மெழுகுவத்தி வாங்கி வெக்கவும். 10 பேருக்கு அனுப்பவும்

குமார்: போச்சுடா

சுகன்யா: ஐயோ நெசமாவா

தினேஷ்: பாட்டி, இது பழைய ஃபார்வர்ட். தேதியே இல்ல

லட்சுமி அத்தை: கோயில் குரூப்ல வந்துச்சுப்பா

ரவி: செல்வி, பதறாத. புயல்னா மொதல்ல அதுக்கு ஒரு பேரு இருக்கணும். புரட்டாசில வங்கக்கடல்ல தாழ்வு உருவானாலும் பெரும்பாலும் ஆந்திரா, ஒடிசா பக்கம் போயிடும். நம்ம வடகிழக்கு பருவமழை அக்டோபர் 20 வாக்குலதான். இப்ப வர்றது வெப்பச்சலன மழை. பகல்ல மேக்கத்தி காத்து, வெயில் கொளுத்தும். மதியத்துக்கு மேல கடல்காத்து உள்ள வரும். ரெண்டும் முட்டுற எடத்துல மேகம் எழும்பும். திருத்தணி, திருவள்ளூர்ல கட்டி, இருட்டுற நேரத்துல நம்ம பக்கம் நகரும். அம்பத்தூர்ல கொட்டும், ராயபுரத்துல தூசிதான் பறக்கும்.

புஷ்பா: இன்னும் டைப்பிங்னு காட்டுது. சோறு ஆறிப்போச்சுங்க

ரவி: அதனாலதான் வானிலை மையம் "ஓரிரு இடங்களில் இடியுடன் கூடிய மழை"ன்னு வாரம் பூரா ஒரே மாதிரி சொல்லுது. எந்த தெருன்னு ரேடார்ல ரெண்டு மூணு மணி நேரம் முன்னாடிதான் தெரியும்.

குமார்: அண்ணே, சுருக்கமா. வருமா வராதா

ரவி: வரலாம்.

குமார்: இதுக்கு அத்தையே தேவல

தினேஷ்: 2024 அக்டோபர்ல ரெட் அலர்ட்டுன்னதும் வேளச்சேரி பாலத்துல காரு நிறுத்துனாங்களே, அடுத்த நாள் ஒண்ணும் பெருசா பெய்யல 😂

புஷ்பா: நமக்கு பாலம் வேணாம். கணேசபுரம் சப்வேல தண்ணி நின்னா புளியந்தோப்புக்காரங்க எப்டி வருவாங்க?

செல்வி: அது கூட பரவால்ல. பந்தல்தான் பயமா கீது. கிருத்திகா மஞ்சத்தண்ணில ஆனது ஞாபகம் இருக்கா

லட்சுமி அத்தை: சம்பந்தியம்மா தலைலயே கொட்டுச்சே. அந்த பட்டுப்புடவ 😭

குமார்: அது பந்தல் தப்பில்ல. துணி தொப்பயா தொங்குறப்பவே கம்பால தூக்கி விட சொன்னேன், ஆளே இல்ல. தார்ப்பாய்க்கு காசு குடுத்திருந்தா...

செல்வி: யாரு குடுக்கலன்றே?

குமார்: நான் யாரையும் சொல்லல

செல்வி: சொல்லுடா

புஷ்பா: சாப்பாட்டு நேரத்துல ஆரம்பிக்காதீங்க

ரவி: காலைல வெச்சிடலாம். பத்தரைக்கு ஆரம்பிச்சு எமகண்டம் 12 மணிக்கு முன்னாடி வளையல் அடுக்கிடலாம். இடி மழை சாயங்காலத்துக்கு மேலதான். சாயங்காலம்னா நாலரைலருந்து ஆறு ராகுகாலம் வேற.

சுகன்யா: பெரிய மாமா, அவருக்கு நைட் ஷிஃப்ட். காலைல வந்தா தூங்கிதான் விழுவாரு

லட்சுமி அத்தை: புரட்டாசில ஏன் வெச்சீங்க. ஐப்பசில வெக்கலாம்ல

செல்வி: அத்த, ஏழாம் மாசம் இப்பதான் நடக்குது. ஐப்பசின்னா எட்டு ஆயிடும். அப்பதான் நெசமாவே மழ

தினேஷ்: புரட்டாசின்னா பிரியாணி கெடையாதா?

லட்சுமி அத்தை: டேய்

தினேஷ்: சும்மா கேட்டேன் பாட்டி. அப்பா, கம்யூனிட்டி ஹால் கேட்டீங்களா?

ரவி: கேட்டேன். வாசல்ல வடிகாலுக்கு தோண்டிப் போட்டிருக்கான். சேறுல சுகன்யா எப்டி நடப்பா?

செல்வி: அப்ப காலையா சாயங்காலமா? பந்தல்காரர் லைன்ல இருக்காரு

ரவி: வெள்ளிக்கிழம வரைக்கும் பாப்போம்.

குமார்: நான் சாயங்காலம்னு சொல்லி அட்வான்ஸ் போட்டுட்டேனே. தார்ப்பாயோட

செல்வி: யார கேட்டு?