350 ஷெவிக்கு எந்த கார்பரேட்டர், 600ஆ 750ஆ? எடல்பிராக்கா ஹாலியா?

ரோட்ஸ்டர்32
1932 ஃபோர்டு ரோட்ஸ்டர் பாடி, உள்ளே ஷெவி ஸ்மால் பிளாக் 350 (கன அங்குலம்) இன்ஜின். கம்ப்ரெஷன் 9.5. கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) 0.050 அங்குல லிஃப்ட்டில் 224 டிகிரி. டூயல் பிளேன் இன்டேக் மேனிஃபோல்டு, 700ஆர்4 ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். ஐடில் வேக்யூம் (மேனிஃபோல்டில் உறிஞ்சல்) நியூட்ரலில் 12 அங்குல பாதரசம், டிரைவில் போட்டால் 9. ரோட்டில் மட்டும்தான் ஓடும், 5,800 ஆர்பிஎம்முக்கு மேல் சுற்றாது. கார்பரேட்டர் எடல்பிராக் 1406 (600), ஹாலி 4779 (750 டபுள் பம்பர்), இந்த இரண்டில் எது?

ஜெட்72
1406தான். கணக்கைப் பாருங்க: 350 × 5,800 ÷ 3,456 = 587 சிஎஃப்எம் (நிமிஷத்துக்கு இத்தனை கன அடி காத்து). அது சிலிண்டர் 100 சதவீதம் நிரம்பினா. ரோட்டு இன்ஜினுக்கு 85 சதவீதம் வைங்க, 499. 600 கார்பரேட்டர்லயே மிச்சம் இருக்கு. 750 எதுக்கு?

பெரியதொண்டை
கணக்கு சரி, முடிவுதான் தப்பு. நாலு பேரல் கார்பரேட்டருக்குப் போடுற சிஎஃப்எம், 1.5 அங்குல பாதரச வேக்யூம்ல அளந்தது. முழு த்ராட்டில்ல மேனிஃபோல்டுல அந்த அளவுக்குப் பக்கமா வேக்யூம் நின்னா, இன்ஜின் இழுக்கற காத்தை கார்பரேட்டர் தடுக்குதுன்னு அர்த்தம். இன்னொண்ணு, டூயல் பிளேன்ல நடுவுல சுவர் இருக்கு. ஒரு சிலிண்டர் இழுக்கறப்ப அதுக்குக் கிடைக்கறது பாதி கார்பரேட்டர்தான். உங்க சூத்திரத்துல அந்தச் சுவர் எங்க சார்?

ஜெட்72
சுவர் வாதத்தை ஏத்துக்கறேன். ஆனா அது மேல் ஆர்பிஎம் கதை. இவர் வண்டி பாதி நேரம் 2,000ல நிக்கும். அங்க மிதிச்சா டபுள் பம்பர்ல செகண்டரி (பின்பக்க ரெண்டு பேரல்) லிங்கேஜ் வழியா உடனே திறந்துடும். வென்சுரியில (கார்பரேட்டரோட ஒடுங்கின தொண்டையில) காத்து வேகம் விழும், பெட்ரோலை இழுக்க சிக்னல் இருக்காது, வண்டி திணறும். ஸ்டால் குறைஞ்ச டார்க் கன்வெர்ட்டரோட ஆட்டோமேட்டிக்கா இருந்தா இன்னும் மோசம்.

பெரியதொண்டை
அந்த இடைவெளியை நிரப்பத்தான் பெட்ரோல் பீச்சற ரெண்டு பம்ப் வச்சிருக்கான். திணறுதுன்னு புலம்புற பாதிப் பேர் பம்ப் ஆர்மைத் தொட்டதே இல்ல. ஐடில்ல ஆர்முக்கும் பம்ப் லிவருக்கும் நடுவுல இடைவெளி பூஜ்யம். லிங்கேஜ் லேசா அசைஞ்சாலே பெட்ரோல் பீச்சணும். முழு த்ராட்டில்ல லிவரைக் கையால அமுக்கினா இன்னும் 0.015 அங்குலம் போகணும், இல்லேன்னா டயாஃப்ரம் கிழியும். அப்புறமும் திணறினா ஸ்கிர்ட்டர் (பம்ப் பெட்ரோல் பீச்சற முனை) 31ஐ 33 ஆக்குங்க, 35 ஆக்குங்க. கருப்புப் புகை வந்தா ஒரு படி இறங்குங்க. ரோட்ஸ்டர் எடையும் கம்மி, அதனால பாரமான செடான்ல திணறுற அளவுக்கு இதுல திணறாது.

வேக்யூம்வாத்தியார்
ரெண்டு பேரும் எண்ணையே பிடிச்சுத் தொங்கறீங்க. செகண்டரி எப்படித் திறக்குது என்பதுதான் கேள்வி. வேக்யூம் செகண்டரி உள்ள ஹாலி 3310ம் 750தான், ஆனால் இன்ஜின் கேட்கிற அளவுக்கு மேல் திறக்காது. 600 போதும் என்றால் ஹாலி 1850. அதில் பின்பக்கம் ஜெட் (பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் துளைத் திருகு) கிடையாது, பிளேட்டையே மாற்ற வேண்டும் என்பது ஒரு தலைவலி.

திறக்கிறதா என்று சோதிக்க ஒரு பேப்பர் கிளிப் போதும். செகண்டரி டயாஃப்ரம் தண்டில், ஹவுசிங்கின் அடியை ஒட்டிக் கிளிப்பை மாட்டுங்கள். ஒரு முறை முழுசா மிதித்து ஓட்டிவிட்டு நிறுத்திப் பாருங்கள். தண்டு மேலே ஏறும்போது கிளிப்பைக் கீழே தள்ளியிருக்கும். எவ்வளவு தள்ளியதோ அவ்வளவு திறந்திருக்கிறது. இடத்தை விட்டே நகரவில்லை என்றால் ஸ்பிரிங் கடினம், ஒரு படி இளசாகப் போடுங்கள். திறக்கும்போது திணறினால் ஒரு படி கடினமாக. நின்ற இடத்தில் ரேஸ் பண்ணிப் பார்த்து "திறக்கவே இல்லை" என்பவர்களுக்கு: லோடு இல்லாமல் அது திறக்காது.

ஜெட்72
வாத்தியாரே, அதே வேலையை 1406ம் செய்யுது. செகண்டரி லிங்கேஜ்லதான் திறக்கும், ஆனா அதுக்கு மேல எடை கட்டின ஃபிளாப் ஒண்ணு இருக்கு. காத்து தள்ளினாத்தான் அது விலகும். ட்யூனிங்கும் சுலபம்: மேல ஒரு ஸ்க்ரூவைத் தளர்த்தி மூடியைத் திருப்பினா மீட்டரிங் ராடு (பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்தற ஊசி) கையில வரும். ஹாலியில ஜெட் மாத்த பவுல் கழட்டணும், சூடான மேனிஃபோல்டு மேல பெட்ரோல் கொட்டும்.

பெரியதொண்டை
அந்த ஃபிளாப்போட எடையை 1406ல அட்ஜஸ்ட் பண்ண முடியாதுன்னும் சொல்லுங்க. 1406 மைலேஜுக்காக லீனா (பெட்ரோல் கம்மியா) செட் பண்ணினது. இந்தக் கேமுக்கு 1405 இன்னும் பொருத்தம், ஆனா சோக் கைச்சோக்.

ரோட்ஸ்டர்32
பழைய இரண்டு பேரல் கார்பரேட்டர் ஸ்ட்ராம்பர்க் 97 மூணு வைத்தால் எப்படி? தோற்றத்துக்காகக் கேட்கிறேன்.

வேக்யூம்வாத்தியார்
அழகு. ஆனால் பெட்ரோல் பிரஷர் இரண்டரை, மூன்று பிஎஸ்ஐக்கு மேல் போனால் நீடிலைத் தள்ளிப் பொங்கும், ரெகுலேட்டர் கட்டாயம். மூன்றையும் காற்றளவில் சமப்படுத்தும் பொறுமை இருந்தால் செய்யுங்கள். இரண்டு பேரல் சிஎஃப்எம் 3 அங்குலத்தில் அளப்பது. நாலு பேரலோடு ஒப்பிட 1.41ஆல் வகுக்க வேண்டும்.

எது வாங்கினாலும் முதலில் வேக்யூம் எண். டிரைவில் 9 என்றால் ஹாலிக்கு அதில் பாதி, 4.5 பவர் வால்வ் (வேக்யூம் விழும்போது கூடுதல் பெட்ரோல் விடுவது). 1406ல் அதே வேலைக்கு வரும் ஆரஞ்சு ஸ்டெப்-அப் ஸ்பிரிங் 5 அங்குலம், அதுவே சரி.

ஜெட்72
அதோட ட்ரான்ஸ்ஃபர் ஸ்லாட் (த்ராட்டில் பிளேட் ஓரத்துல பெட்ரோல் வர்ற பிளவு). கேம் பெரிசானா ஐடிலை நிறுத்த ஸ்க்ரூவை ஏத்திக்கிட்டே போவாங்க. அப்புறம் மிக்சர் ஸ்க்ரூவை முழுசா மூடினாலும் இன்ஜின் அணையாது, ஏன்னா பெட்ரோல் ஸ்லாட் வழியா வருது. ஹாலியைக் கழட்டித் தலைகீழாப் பிடிங்க: பிரைமரி பிளேட்டுக்குக் கீழ தெரியற ஸ்லாட் சின்னச் சதுரமா, 0.020 அங்குலம் இருக்கணும். நீள்சதுரமாத் தெரிஞ்சா பிரைமரியை மூடி, செகண்டரி ஸ்டாப்பை லேசா திறங்க. அதுக்கும் முன்னாடி இக்னிஷன் டைமிங்கைப் பாருங்க.

பெரியதொண்டை
இதுல சண்டை இல்ல.

ரோட்ஸ்டர்32
அப்ப 3310 பக்கம் சாய்கிறேன்.

ஜெட்72
3310ல வர்ற கைச்சோக் பரவாயில்லைன்னா சரி. இன்னும் 1406தான் என் ஓட்டு.

வேக்யூம்வாத்தியார்
எதுவானாலும் 700ஆர்4ன் டிவி (த்ராட்டில் வால்வ்) கேபிளை மறக்காதீர்கள். கியர்பாக்ஸ் பிரஷரைத் தீர்மானிப்பது அந்தக் கேபிள். கார்பரேட்டர் லிவரில் அது மாட்டும் துளையின் ஆரம் தப்பினால், வெறும் கேபிளை இழுத்து மாட்டிச் சரிசெய்ய முடியாது. அதற்கென்று விற்கும் கரெக்டர் பிராக்கெட் வேண்டும். முழு த்ராட்டிலில் கேபிள் முழுக்க இழுபட்டிருக்கிறதா என்று இன்ஜின் ஆஃபில் ஒருவரை மிதிக்கச் சொல்லிப் பாருங்கள். இல்லாவிட்டால் முதலில் எரிவது 3-4 கிளட்ச்.

ரோட்ஸ்டர்32
இப்போது இருக்கும் கேபிள் ஒயர் டையில் கட்டியிருக்கு.

வேக்யூம்வாத்தியார்
அப்படியானால் அது சரியாகும் வரை ஓட்டாதீர்கள்.