ஒரு கப் மைதா என்பது எத்தனை கிராம்?

கேள்வி: குறிப்பில் உள்ளபடியே இரண்டு கப் மைதா போட்டுத்தான் வெண்ணெய் கேக் செய்கிறேன், ஆயினும் ஒருமுறை பஞ்சு போல் வருகிறது, மறுமுறை மேற்புறம் வெடித்து, துண்டு போடும்போதே உதிர்ந்துவிடுகிறது. அடுப்பையோ தட்டையோ மாற்றவில்லை. மாவை அளப்பதில்தான் பிழையா?

மறுமொழி 1: கப்பை டப்பாவுக்குள் விட்டு அள்ளுகிறீர்கள் என்று நினைக்கிறேன். அப்படி அள்ளினால் மாவு அமுங்கி 150 கிராம் வரை ஏறிவிடும். கரண்டியால் கிளறித் தளர்த்தி, கப்பில் மெல்லப் போட்டு, கத்தியின் முதுகால் வழித்துவிட்டால் 120 முதல் 125 கிராம்தான் இருக்கும். இரண்டு கப்பில் 50 கிராம் கூடினால் கேக் வறண்டு போகத்தான் செய்யும். தட்டி நிரப்புவதும் கூடாது.

மறுமொழி 2: கப்பையும் பாருங்கள். அமெரிக்கக் குறிப்புகளில் கப் என்பது ஏறத்தாழ 240 மில்லி, ஆஸ்திரேலியக் குறிப்புகளில் 250 மில்லி. ரைஸ் குக்கரோடு வந்த 180 மில்லி கப்பால் நான் பல மாதம் அளந்து, கேக் ஏன் நடுவில் குழிகிறது என்று அடுப்பைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

மறுமொழி 3: மின்னணுத் தராசு வாங்கிவிடுங்கள். பாத்திரத்தை வைத்துச் சுழியாக்கி, மாவை நேரே அதில் கொட்டலாம். கழுவக் கப்பும் மிஞ்சாது. பேக்கிங் சோடா போன்ற சிற்றளவுகளுக்கு மட்டும் தேக்கரண்டியே நம்பகமானது, ஏனெனில் வீட்டுத் தராசுகள் பல ஓரிரு கிராமைச் சரியாகக் காட்டுவதில்லை.

கேள்வி கேட்டவர்: பக்கத்து வீட்டுத் தராசில் நிறுத்தேன். நான் அள்ளிய கப் 152 கிராம்.