வீட்டில் ஒரு அளவு, மருத்துவமனையில் வேறு அளவு: அப்பாவின் பிரஷர் பற்றி உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். அப்பாவுக்கு வயது 67. மருத்துவரிடம் போகும்போதெல்லாம் பிரஷர் 160/95 என்று காட்டுகிறது. வீட்டில் அளந்தால் 130/80-ஐத் தாண்டுவதில்லை. மருத்துவமனைப் பதற்றத்தில் சிலருக்கு இப்படி ஏறும் என்று தெரியும். ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார வைத்து, முதுகைச் சாய்த்து, கையை இதய மட்டத்தில் வைத்துத்தான் அளக்கிறோம்.

என் கவலை வேறு. கருவியில் அடிக்கடி சீரற்ற துடிப்புக்கான குறி வருகிறது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (இதயத்தின் மேலறைகள் சீரில்லாமல் துடிப்பது) இருந்தால் இதயத்துக்குள் ரத்தம் உறைந்து பக்கவாதம் வரை போகலாம். அப்புறம், துடிப்பு சீராக இல்லாதபோது வீட்டுக் கருவியின் அளவையும் முழுதாக நம்ப முடியாது. அப்பாவோ, "எனக்கு ஒண்ணும் பண்ணலையே" என்கிறார். இது அறிகுறியே இல்லாமலும் இருக்கும் என்பதுதான் பயம். இசிஜி சரியாக வந்தது. ஆனால் அது சில நொடிகளின் பதிவுதானே?

24 மணி நேர பிரஷர் கருவியும், இதயத் துடிப்பைத் தொடர்ந்து பதிவு செய்யும் ஹோல்டர் கருவியும் பொருத்திப் பார்க்கலாம் என்கிறார் மருத்துவர். இவற்றை மாட்டிக்கொண்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா? இரவில் கைப்பட்டை இறுகும்போது தூங்க முடிந்ததா? விட்டுவிட்டு வரும் துடிப்பு மாற்றம் ஒரே நாளில் பதிவானதா, இல்லை அதிக நாள் தேவைப்பட்டதா? மாத்திரை விஷயத்தை மருத்துவரிடமே கேட்டுக்கொள்கிறோம். உங்கள் அனுபவத்தைச் சொன்னால் அப்பாவைச் சம்மதிக்க வைக்க உதவியாக இருக்கும்.