சாணத்தில் முழுச் சோளமணி, லேப் அறிக்கையில் நல்ல செரிமானம்: தவறு எங்கே?

நிபோங் திபால் மாட்டுக்காரர்
வணக்கம். எங்களிடம் 14 கறவை மாடுகள், எல்லாம் பிரீசியன் கலப்பு. மூன்று மாதத்துக்கு முன் மக்காச்சோளத்தைச் செடியோடு வெட்டி நீல டிரம்களில் மிதித்துச் சைலேஜ் (காற்றுப் புகாமல் புளிக்கவைத்த பசுந்தீவனம்) போட்டோம். வாசம் நன்றாக இருக்கிறது, பூஞ்சை இல்லை, பிஎச் தாள் 4 காட்டுகிறது. லேப் அறிக்கையிலும் மாவுச்சத்து, செரிமானம் இரண்டும் நன்றாக வந்தன. அதை நம்பிச் செம்பனைப் பிண்ணாக்கைக் குறைத்தேன். இரண்டே வாரத்தில் ஒவ்வொரு மாட்டுக்கும் ஒரு லிட்டருக்கு மேல் பால் இறங்கிவிட்டது. சாணம் அள்ளும்போது மஞ்சள் மணிகள் அப்படியே கிடக்கின்றன. அப்பா காலத்திலிருந்து மாடு வைத்திருக்கிறோம், ஆனால் சைலேஜ் எங்களுக்குப் புதிது. அறிக்கை தப்பா, மாட்டுக்குக் கோளாறா?

பட்டர்வொர்த் பால்
குடற்புழு மருந்து கொடுத்தீர்களா அண்ணே?

நிபோங் திபால் மாட்டுக்காரர்
கொடுத்தாச்சு. நன்றாக அசைபோடுகின்றன, காய்ச்சலும் இல்லை.

தீவன லேப், கோலாலம்பூர்
அண்ணே, நான் 7 வருடமாகத் தீவன மாதிரி அரைக்கும் வேலை பார்க்கிறேன். அறிக்கை சரியாகவே இருக்கலாம். மாடு தின்றதும் லேப்பில் சோதித்ததும் ஒன்றல்ல, சிக்கல் அங்கேதான்.

மாதிரி வந்ததும் 60 டிகிரியில் இரண்டு நாள் காயவைத்து, 1 மி.மீ. சல்லடை போட்ட மில்லில் அரைப்போம். முழு மணியாக வந்த சோளமும் அங்கே மாவாகிவிடும். மாவை மாட்டின் வயிற்றுநீரில் போட்டால் நுண்ணுயிர்கள் உடனே பிடித்துக்கொள்ளும். உங்கள் மாட்டின் வயிற்றுக்கோ மணி மேல்தோலோடு போகிறது. மெல்லும்போது கொஞ்சம் உடையும், எல்லாம் உடையாது. தோல் உடையாத மணிக்குள் நுண்ணுயிர் நுழைய முடியாது, மாவுச்சத்து சாணத்தோடு வந்துவிடும். தூளை நைலான் பையில் கட்டி மாட்டின் வயிற்றுக்குள் வைத்துப் பார்க்கும் நைலான் பைச் சோதனையிலும் கவனம் வேண்டும். மிகப் பொடியாக அரைத்தால் தூள் பையின் துளை வழியே வெளியேறி, செரித்ததாகக் கணக்கில் ஏறிவிடும்.

மாதிரியை நீங்களே காயவைத்தீர்களா? 100 டிகிரிக்கு மேல் சூடேறினால் புரதம் பழுப்பாகி நாரோடு ஒட்டிக்கொள்ளும், அப்புறம் புரதம் செரிக்காததுபோல் காட்டும். ஈரமாகவே, காற்று எடுத்த பையில், ஐஸ் பெட்டியில் வைத்துக் கொடுப்பதுதான் நல்லது.

இன்றைக்கே ஒன்று செய்து பாருங்கள். ஒரு லிட்டர் சைலேஜை வாளித் தண்ணீரில் கொட்டிக் கலக்குங்கள். இலையும் தண்டும் மிதக்கும், மணி அடியில் தங்கும். முழு மணியும் பாதி மணியும் சேர்ந்து மூன்றைத் தாண்டினால் போதுமான அளவு உடையவில்லை என்று அர்த்தம். லேப்பில் கேட்பதானால், அரைக்காத மாதிரியை 4.75 மி.மீ. சல்லடையில் சலிக்கச் சொல்லுங்கள். மாவுச்சத்தில் 70 சதவீதம் கீழே இறங்கினால் மிக நன்று, 50-க்குக் குறைந்தால் மோசம்.

நிபோங் திபால் மாட்டுக்காரர்
தங்கச்சி, வாளியில் பார்த்தேன். முழு மணியே 22. பிள்ளைகள் உட்கார்ந்து எண்ணினார்கள். மாதிரியை ஈரமாகத்தான் கொடுத்தேன். எங்களுடையது பழைய புல் வெட்டும் இயந்திரம், மணியை நசுக்கும் உருளை கிடையாது. மழை விடாததால் சோளத்தையும் முற்றவிட்டுத்தான் வெட்டினோம். இன்னும் 40 டிரம் இருக்கிறது, என்ன செய்வது?

சுங்கை பாக்காப் பெரியவர்
தம்பி, முற்றிய மணி கல் மாதிரி இருக்கும், அதில் உருளையும் இல்லை என்றால் இப்படித்தான் ஆகும். மணியை உடைத்துப் பார்த்தால் பால்கோடு (கெட்டியான மாவும் பால் பகுதியும் சேரும் கோடு) பாதி வரை இறங்கியிருக்கணும், அதுதான் வெட்டும் பருவம். செடியில் உலர்பொருள், அதாவது தண்ணீர் போக மிஞ்சுவது, அப்போது 32 முதல் 35 சதவீதம் இருக்கும்.

டிரம்மை இன்னும் சில மாதம் மூடியே வைத்தால், மணிக்குள் மாவைச் சுற்றியுள்ள புரதம் கரைந்து செரிமானம் கூடும். ஆனால் உடையாத தோலை அது உடைக்காது. அதனால் இந்த 40 டிரம்மை நார்த் தீவனமாக மட்டும் கணக்கு வையுங்கள். முடிந்தவரை கிடேரிகளுக்கும் கறவை வற்றிய மாடுகளுக்கும் போடுங்கள். கறவைக்குப் பிண்ணாக்கைப் படிப்படியாகப் பழைய அளவுக்கு ஏற்றுங்கள். பால் போச்சே என்று அரைத்த சோளத்தை ஒரேயடியாகக் கொட்டிவிடாதீர்கள், வயிற்றில் அமிலம் ஏறி மாடு படுத்துவிடும். நான் அப்படி ஒரு நல்ல மாட்டை இழந்தவன்.

நிபோங் திபால் மாட்டுக்காரர்
சரி ஐயா, நாளைக் காலையிலிருந்தே பிண்ணாக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுகிறேன். தங்கச்சிக்கும் நன்றி. உருளை வைத்த வெட்டு இயந்திரம் பினாங்கு பக்கம் யாரிடமாவது வாடகைக்கு இருந்தால் இங்கேயே சொல்லுங்கள், அடுத்த சோளம் இப்போதே இடுப்பளவு வந்துவிட்டது.