நொடிக்கு ஆறு லட்சம் பாக்கெட், ஒரே த்ரெட்: கெர்னலைத் தாண்டிப் போவதா வேண்டாமா?

மேலூர் கேபிள்:

எல்லாருக்கும் வணக்கம். மதுரையில் இருக்கும் எங்கள் ஹெட்எண்டிலிருந்து (சேனல்களைச் சேர்த்து அனுப்பும் மையம்) எட்டு ஊர் அலுவலகங்களுக்கு ஐபிடிவி அனுப்புகிறோம். மேலூர், கொட்டாம்பட்டி, நத்தம், ஒத்தக்கடை, திருமங்கலம், உசிலம்பட்டி, வாடிப்பட்டி, சோழவந்தான். ஹெட்எண்டுக்குள் 200 சேனலும் மல்டிகாஸ்ட், அதாவது ஒரே பாக்கெட்டைக் கேட்பவர் எல்லாரும் வாங்கும் முறை. வெளியே போகும் வாடகை லிங்கில் மல்டிகாஸ்ட் போகாது. அதனால் நான் சி-யில் எழுதிய ரிலே ஒவ்வொரு பாக்கெட்டையும் எட்டு யூனிகாஸ்ட் (ஒரே முகவரிக்கான) பிரதியாக்கி அனுப்புகிறது. போகிற போக்கில் ஒவ்வொரு ஓடையின் கன்டின்யூட்டி கவுண்டரையும் (பாக்கெட் விட்டுப்போனதா என்று காட்டும் வரிசை எண்) பார்க்கும். முதன்மை ஓடை அறுந்தால் மாற்று ஓடைக்கு மாறிவிடும். ஆகவே ரிலேயையே எடுத்துவிடு என்ற யோசனை எனக்கு உதவாது.

கணக்கு இது. சேனலுக்குச் சராசரி 4 மெகாபிட். ஒரு யுடிபி பாக்கெட்டில் 188 பைட் டிஎஸ் (வீடியோவைச் சுமக்கும் டிரான்ஸ்போர்ட் ஸ்ட்ரீம்) துண்டுகள் ஏழு, ஆக 1316 பைட். உள்ளே வருவது நொடிக்கு 76,000 பாக்கெட். வெளியே போவது ஆறு லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். ஆறரை ஜிகாபிட்டைத் தாண்டுகிறது. கார்டு இன்டெல் 82599, 10 ஜிகாபிட் போர்ட் இரண்டு. சர்வர் பழைய ஜியான், எட்டு கோர்.

சேனல்களின் பிட்ரேட் ஏறும் நேரத்தில் படம் கட்டம் கட்டமாக உடைகிறது. ரிலே ஓடும் கோர் 100 சதவீதத்தில் நிற்கிறது, மற்ற ஏழும் சும்மா கிடக்கின்றன. சித்திரைத் திருவிழா சமயத்தில் உள்ளூர் சேனல்கள் கூடுதல் கேமரா ஓடைகளும் தருவார்கள். அழகர் மலையை விட்டுக் கிளம்புவதற்குள் இதைச் சரிசெய்தாக வேண்டும். லினக்ஸின் மையமான கெர்னலை ஒதுக்கிவிட்டு நெட்வொர்க் கார்டோடு நேராகப் பேசும் டிபிடிகேவில் புதிதாக எழுதிவிடு என்கிறார் ஒரு நண்பர். எழுதலாமா?

வடபழஞ்சி நிரலர்:

தாராளமாக எழுதுங்கள் அண்ணே. இப்போது உங்கள் ரிலே ஒரு பாக்கெட் அனுப்பும்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள். சென்ட்டு என்று அழைத்தவுடன் சிபியு கெர்னல் முறைக்குத் தாவுகிறது. அங்கே ஒரு எஸ்கேபஃப் (பாக்கெட்டைக் கெர்னல் வைத்துக்கொள்ளும் பெட்டி) ஒதுக்க வேண்டும், உங்கள் டேட்டாவை அதில் காப்பி எடுக்க வேண்டும், ரூட் தேட வேண்டும், நெட்ஃபில்டரை (ஃபயர்வால் சோதனை) தாண்ட வேண்டும், கியூடிஸ்க்கில் (அனுப்பும் வரிசை) நுழைந்து வெளியே வர வேண்டும், அப்புறம்தான் டிரைவர் அதை கார்டின் ரிங்கில் (இருவரும் பகிரும் வட்ட வரிசை) வைக்கும். அனுப்பி முடிந்ததும் எல்லாவற்றையும் விடுவிக்க வேண்டும். அடுத்த பாக்கெட்டுக்கு மறுபடியும் முதலிலிருந்து. 2018 ஜனவரியில் மெல்ட்டவுன் வெளிவந்த பிறகு போட்ட பேட்சுகளால், பழைய இன்டெல் சிபியுக்களில் இந்த முறை மாற்றமே கூடுதல் செலவு.

டிபிடிகேவில் இது எதுவும் கிடையாது. பெரிய பக்கங்களில் பஃபர்களை முன்கூட்டியே ஒதுக்கி வைத்திருப்பீர்கள். கார்டின் ரிங் நேராக உங்கள் புரோகிராமின் நினைவகத்துக்குள் தெரியும். 64 பைட் பாக்கெட்டுகளால் 10 ஜிகாபிட்டை நிரப்பினால் நொடிக்கு 1 கோடியே 48 லட்சம் வரும். ஒன்றுக்கு 67 நானோசெகண்ட். மூன்று கிகாஹெர்ட்ஸில் சுமார் 200 சைக்கிள், அவ்வளவுதான். அந்த வேகத்துக்கென்றே கட்டிய கருவிக்கு உங்கள் ஆறு லட்சம் ஒரு பாரமே இல்லை.

இன்னொன்று. டிபிடிகேவோடு வரும் மாதிரி நிரல்களில் ஐபிவி4 மல்டிகாஸ்ட் என்று ஒன்று இருக்கிறது. டேட்டா பஃபர் ஒன்றேதான்; ஒவ்வொரு பிரதிக்கும் புது ஹெட்டரை மட்டும் சங்கிலியாகக் கோத்து அனுப்பும். உங்கள் வேலைக்கு அளவெடுத்தது.

சிம்மக்கல் அட்மின்:

தம்பி சொல்லும் 67 நானோசெகண்ட் உண்மைதான், ஆனால் அது இவருடைய பாக்கெட்டின் கணக்கு இல்லை. இவருடைய 1316 பைட், ஹெட்டர்களும் ஈதர்நெட் இடைவெளியும் சேர்ந்து கம்பியில் 1382 பைட் இடம் பிடிக்கும். 10 ஜிகாபிட் முழுக்க நிரம்பினாலும் நொடிக்கு ஒன்பது லட்சத்தை ஒட்டித்தான் போகும். ஒன்றுக்கு 1.1 மைக்ரோசெகண்ட். சின்னப் பாக்கெட்டை வைத்து எடுத்த எண்ணைக் காட்டிப் பெரிய பாக்கெட்காரரை இடம் மாறச் சொல்வது சரியில்லை.

டிபிடிகேவுக்கு போர்ட்டை விட்டுக்கொடுத்த நொடியில் அது கெர்னல் கண்ணிலிருந்து மறைந்துவிடும். மேலூர் அண்ணன் இப்போது ஒரு செட்சாக்ஆப்ட் போட்டு மல்டிகாஸ்ட் குழுவில் சேர்கிறார். எந்தக் குழுக்களில் இருக்கிறோம் என்று சொல்லும் ஐஜிஎம்பி அறிக்கை அனுப்புவதும், ஸ்விட்ச் கேட்கும்போது பதில் சொல்வதும் கெர்னல். நாளைக்கு அதை யார் எழுதுவது? ஐபி முகவரிக்கு உரிய மேக் முகவரியைக் கண்டுபிடிக்கும் ஏஆர்பியை யார் கவனிப்பது? டிசிபிடம்ப் போட்டுப் பாக்கெட்டுகளைப் பார்க்க முடியாத போர்ட்டை வைத்துக்கொண்டு, ராத்திரி உசிலம்பட்டியிலிருந்து ஃபோன் வந்தால் என்ன செய்வார்?

முதலில் பாக்கெட் எங்கே விழுகிறது என்று தெரிய வேண்டும். என்ஸ்டாட்டில் யுடிபி ரிசீவ் பஃபர் எரர், ஈத்டூல் புள்ளிவிவரத்தில் ஆர்எக்ஸ் மிஸ்டு எரர், சாஃப்ட்நெட் ஸ்டாட்டின் இரண்டாம் பத்தி. மூன்றையும் படம் உடையும் நேரத்தில் எடுத்துப் போடுங்கள்.

மேலூர் கேபிள்:

எடுத்தேன். ஆர்எக்ஸ் மிஸ்டு எரர் பூஜ்யம். சாஃப்ட்நெட் இரண்டாம் பத்தியும் பூஜ்யம். யுடிபி ரிசீவ் பஃபர் எரர் மட்டும் பார்க்கப் பார்க்க ஏறுகிறது. வாங்குவதற்கு ஒரே சாக்கெட், 200 குழுவும் அதில்தான். பஃபர் அளவை நான் தொடவில்லை, சிஸ்டம் தந்ததுதான். ஒரு பாக்கெட் வாங்குவேன், எட்டு முறை அனுப்புவேன், அடுத்ததை வாங்குவேன். ஒரே த்ரெட்.

சிம்மக்கல் அட்மின்:

அப்படியானால் கார்டும் நல்லபடி இருக்கிறது, டிரைவரும் நல்லபடி இருக்கிறது. பாக்கெட் உங்கள் சாக்கெட் வாசல் வரை வந்து, உள்ளே இடமில்லாமல் விழுகிறது. தொடாமல் விட்ட பஃபர் 2,12,992 பைட். கெர்னல் தன் சொந்தச் செலவையும் சேர்த்தே கணக்கு வைப்பதால் அதில் உங்கள் பாக்கெட் ஏறத்தாழ நூறுதான் நிற்கும். 76,000 வேகத்தில் நூறு பாக்கெட் என்பது 1.3 மில்லிசெகண்ட். ரிலே அவ்வளவு நேரம் வேறு பக்கம் திரும்பினாலே போதும்.

அந்த த்ரெட்டுக்கோ மூச்சுவிட நேரம் இல்லை. ஒரு வாங்கல், எட்டு அனுப்பல் என்றால் நொடிக்கு 6,84,000 சிஸ்டம் கால், அதாவது கெர்னலை அழைப்பது. ஒன்றுக்கு ஒன்றரை மைக்ரோசெகண்ட் கூடக் கிடைக்காது. ஒரு யுடிபி அனுப்பல் ஒரு மைக்ரோசெகண்டைத் தாண்டுவது சாதாரணம். கோர் நிரம்பியது அதனால்தான்.

ரெக்வ்எம்எம்எஸ்ஜியில் ஒரே அழைப்பில் 64 பாக்கெட் வரை வாங்குங்கள். ஒவ்வொரு அலுவலகத்துக்கும் கனெக்ட் செய்த தனி சாக்கெட் வைத்து, அந்த 64-ஐ ஒரே சென்ட்எம்எம்எஸ்ஜியில் தள்ளுங்கள். சுற்றுக்கு ஒன்பது அழைப்பு. நொடிக்குச் சுமார் 1,190 சுற்று. ஆறே முக்கால் லட்சம் அழைப்பு பதினோராயிரத்துக்குள் வந்துவிடும். கனெக்ட் செய்திருப்பதால் ஒவ்வொரு முறையும் ரூட் தேட வேண்டியதும் இல்லை. முதலாவது 2.6.33 கெர்னலிலிருந்தும் இரண்டாவது 3.0-விலிருந்தும் இருக்கின்றன; புதிதாக எதையும் நிறுவ வேண்டியதில்லை.

பரங்குன்றம் மாணவி:

ஒரு எச்சரிக்கை அண்ணா. ரெக்வ்எம்எம்எஸ்ஜியின் டைம்அவுட்டை நம்ப வேண்டாம். ஒவ்வொரு பாக்கெட் வந்த பிறகுதான் அது நேரத்தைப் பார்க்கும். கடைசிப் பாக்கெட் வராமலே போனால் அங்கேயே நின்றுவிடும். அதன் மேன் பக்கத்திலேயே (கையேடு) பிழை என்று போட்டிருக்கிறார்கள். 'ஒன்றுக்காகக் காத்திரு' கொடியைப் போட்டால் முதல் பாக்கெட்டுக்கு மட்டும் நிற்கும், அப்புறம் இருப்பதை அள்ளிக்கொண்டு திரும்பும். சுமை ஏற ஏற அள்ளும் அளவும் தானாக ஏறும்.

யாராவது யுடிபி ஜிஎஸ்ஓவைச் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். 4.18-இல் வந்தது; ஒரே அளவுள்ள பாக்கெட்டுகளை ஒன்றாக ஒட்டிக் கொடுத்தால் கெர்னல் கடைசியில் பிரித்துக்கொள்ளும். ஸ்டாக்கை ஒரே முறை கடப்பதால் லாபம் பெரிது. ஆனால் ஒட்டுகிற எல்லாமே ஒரே முகவரி, ஒரே போர்ட்டுக்குப் போக வேண்டும். சேனலுக்கு ஒரு போர்ட் என்று பிரித்திருந்தால், 4 மெகாபிட் சேனலில் நொடிக்கு 380 பாக்கெட்தான். 64 கேபிக்குள் அடங்கும் 49-ஐச் சேர்க்க 129 மில்லிசெகண்ட் காத்திருக்க வேண்டும். நேரலைக்கு அது ஆகாது.

வடபழஞ்சி நிரலர்:

தொகுப்பது நல்லதுதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் சென்ட்எம்எம்எஸ்ஜி மிச்சப்படுத்துவது வாசல் தாண்டும் செலவை மட்டும். உள்ளே போன பிறகு 64 பாக்கெட்டுக்கும் 64 எஸ்கேபஃப், 64 நெட்ஃபில்டர் நடை, 64 கியூடிஸ்க் நுழைவு. செலவில் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது, அது அப்படியே நிற்கும். அலுவலகம் பதினாறானால் மறுபடி இதே இடத்தில் வந்து நிற்பார்.

ஐஜிஎம்பி கேள்விக்கும் பதில் இருக்கிறது. கார்டில் இரண்டு போர்ட் இருக்கிறதே. வாங்கும் போர்ட் கெர்னலிடமே இருக்கட்டும், 76,000 அதற்கு ஒன்றுமே இல்லை. அனுப்பும் போர்ட்டை மட்டும் டிபிடிகேவுக்குக் கொடுங்கள். கேட்வேயின் மேக் முகவரியை நிலையாக எழுதிவிட்டால் ஏஆர்பி தலைவலியும் போயிற்று. அனுப்புவது மட்டும்தான் என்பதால் ஒரு கோர் சும்மா சுழன்றுகொண்டே இருக்கும் என்ற புகாரும் நிற்காது. சுழல வேண்டியது வாங்கும் பக்கத்துக்குத்தான்.

சிம்மக்கல் அட்மின்:

நல்ல யோசனை, ஆனால் இரண்டு இடத்தில் இடிக்கும். இரண்டு போர்ட்டும் ஒரே ஐஓஎம்எம்யு (கருவிகளின் நினைவக அணுகலைப் பிரித்துக் காக்கும் வன்பொருள்) குழுவில் விழுந்திருந்தால், ஒன்றைக் கெர்னலிடம் வைத்துக்கொண்டு மற்றதை மட்டும் எடுத்துக்கொள்ள விஎஃப்ஐஓ (கார்டைப் புரோகிராமிடம் ஒப்படைக்கும் கெர்னல் பகுதி) விடாது. பழைய சர்வர்களில் இதை முதலில் பார்த்துவிட வேண்டும்.

இரண்டாவதுதான் எனக்கு முக்கியம். எட்டு லிங்கும் அந்தப் பக்கம் தலைக்கு ஒரு ஜிகாபிட்தானே? ஒவ்வொன்றிலும் 840 மெகாபிட் ஏற்கெனவே ஓடுகிறது. 64 பாக்கெட்டை 10 ஜிகாபிட் வேகத்தில் ஒரே மூச்சில் கொட்டினால், நடுவில் இருக்கும் ஸ்விட்சின் சின்ன பஃபர் நிரம்பிச் சிந்தும். ரிலேயில் எல்லாம் பச்சையாகத் தெரியும், சோழவந்தானில் படம் உடையும். கெர்னலில் எஃப்கியூ என்ற கியூடிஸ்க்கைப் போட்டு, ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் உச்ச வேகம் 900 மெகாபிட் என்று சொல்லிவிட்டால் அது பாக்கெட்டுகளை இடைவெளி விட்டு அனுப்பும். கெர்னலைத் தாண்டிப் போனால் இந்த வசதியையும் தாண்டிப் போகிறீர்கள்.

எஃப்கியூ போடும்போது ஒன்று கவனியுங்கள்: அது ஒரு ஃப்ளோவுக்கு நூறு பாக்கெட்தான் வைத்துக்கொள்ளும், மிச்சத்தைப் போட்டுவிடும். ஃப்ளோ லிமிட்டை ஆயிரத்துக்கு ஏற்றுங்கள்.

பரங்குன்றம் மாணவி:

இரண்டுக்கும் நடுவில் ஏஎஃப்-எக்ஸ்டிபி இருக்கிறது. 2018-இல், 4.18 கெர்னலில் வந்தது. பஃபர்களை நாமே ஒதுக்கி கெர்னலிடம் பதிவு செய்கிறோம். அப்புறம் நான்கு ரிங் வழியாகக் கொடுக்கல் வாங்கல். எஸ்கேபஃப் இல்லை, ஐபி ஸ்டாக் இல்லை, ஆனால் டிரைவர் கெர்னலிடமே இருக்கும். ஈத்டூல் வேலை செய்யும், எஸ்எஸ்எச் அறுந்துபோகாது, ஐஜிஎம்பியும் ஏஆர்பியும் வழக்கம்போலக் கெர்னலுக்கே போகும். 82599-இன் டிரைவருக்கு ஜீரோ-காப்பி ஆதரவும் உண்டு. வடபழஞ்சி அண்ணா, டிபிடிகேவுக்குள்ளேயே 2019 முதல் ஏஎஃப்-எக்ஸ்டிபி டிரைவர் இருக்கிறது, ஆகவே நீங்கள் சொல்வதும் நான் சொல்வதும் அவ்வளவு தூரமில்லை.

ஆனால் அட்மின் அண்ணா சொன்ன கியூடிஸ்க் இதிலும் கிடையாது. இடைவெளியை நாமே கட்டுப்படுத்த வேண்டும்.

காப்பியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். எட்டுப் பிரதியையும் முழுக்கக் காப்பி எடுத்தாலும் நொடிக்கு 825 மெகாபைட்டைச் சுற்றித்தான் வரும். அந்த ஜியானின் நினைவகத்துக்கு அது சிறிய வேலை, பாதி டேட்டா கேஷிலேயே இருக்கும். இங்கே எடை பைட்டில் இல்லை, பாக்கெட் எண்ணிக்கையில் இருக்கிறது. ஹெட்டரைச் சங்கிலியாகக் கோக்கும் வித்தை அழகாக இருக்கிறது என்பதற்காக மட்டும் டிபிடிகேவைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

வடபழஞ்சி நிரலர்:

இடைவெளியை நாமே கட்டுப்படுத்துவது குறை இல்லை. டிஎஸ்சியை (சிபியுவுக்குள் இருக்கும் நேர எண்ணி) பார்த்து ஒவ்வொரு பாக்கெட்டையும் நான் விரும்பும் நேரத்தில் ரிங்கில் வைப்பேன்; எஃப்கியூவின் டைமரைவிட அது சீராக இருக்கும். டெலிகாமில் இதைத்தான் தினமும் செய்கிறோம்.

திருவிழாவுக்குள் முடிக்க வேண்டும் என்றால் தொகுத்து அனுப்பும் வழிதான் பத்திரம், அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 25 ஜிகாபிட் கார்டு வாங்கும் நாள் வரும்போது கெர்னல் ஸ்டாக் வழியே முட்டி மோத வேண்டாம். இப்போது எழுதும்போதே வாங்குவதை ஒரு ஃபங்ஷன், அனுப்புவதை ஒரு ஃபங்ஷன் என்று தனியே பிரித்து, இரண்டுமே 64 பாக்கெட் கட்டாகக் கொடுத்து வாங்கும்படி வையுங்கள். பிறகு ஏஎஃப்-எக்ஸ்டிபியோ டிபிடிகேவோ, அந்த இரண்டை மட்டும் மாற்றினால் போதும். ஓடை மாற்றும் பகுதியைத் தொட வேண்டியிருக்காது.

மேலூர் கேபிள்:

நன்றி. இந்த வாரம் ரெக்வ்எம்எம்எஸ்ஜி, சென்ட்எம்எம்எஸ்ஜி, கனெக்ட் செய்த சாக்கெட்டுகள். அனுப்பும் வேலையை இரண்டு த்ரெட்டாகப் பிரித்து ஆளுக்கு நான்கு அலுவலகம். ஃபங்ஷனைத் தம்பி சொன்னபடியே பிரிக்கிறேன். ஏஎஃப்-எக்ஸ்டிபியைத் திருவிழா முடிந்து இன்னொரு மெஷினில் வைத்துப் பார்க்கிறேன். தங்கச்சி, அப்போது உங்களைக் கேட்பேன்.

ரிசீவ் பஃபரையும் ஏற்றலாம்தானே?

சிம்மக்கல் அட்மின்:

ஏற்றுங்கள். ஆனால் ஆர்மெம் மேக்ஸை (ரிசீவ் பஃபருக்கு சிஸ்டம் வைத்த உச்ச வரம்பு) முதலில் உயர்த்துங்கள், இல்லாவிட்டால் எவ்வளவு கேட்டாலும் பழைய அளவோடு நின்றுவிடும், எரரும் வராது. 4 எம்பி கேட்டால் கெர்னல் இரட்டிப்பாக்கி 8 எம்பி வைக்கும். ஐம்பது மில்லிசெகண்டுக்கு அருகில் தாங்கும். அந்த மெஷினில் ஃபயர்வால் இருந்தால் இந்த ஓடைகளைக் கனெக்ஷன் ட்ராக்கிங்கிலிருந்து விலக்க ரா டேபிளில் வருவதற்கு ஒன்று, போவதற்கு ஒன்று என இரண்டு விதி போதும், இரு பக்கமும் பாரம் குறையும். முதலில் ஒத்தக்கடையை மட்டும் புது ரிலேக்கு மாற்றி, ஒரு மாலை நேரம் முழுக்க ஓடவிட்டு, அதே மூன்று கவுண்டரையும் எடுத்து இங்கே போடுங்கள்.