அம்மா அப்பாவோட முதல் கேம்பிங், பிரேசோஸ் பெண்ட் சரியா வருமா?

கேட்டி அம்மு:
எல்லாருக்கும் வணக்கம். நாங்க ஹூஸ்டன்ல கேட்டி பக்கம் இருக்கோம், கும்பகோணத்துல இருந்து அம்மா அப்பா வந்திருக்காங்க, ஜனவரி நடுவுல ஊருக்கு திரும்பிடுவாங்க. பசங்க ரெண்டு பேர், எட்டு வயசு, அஞ்சு வயசு. ஸ்கூல்ல யாரோ கேம்பிங் போன கதைய கேட்டுட்டு வந்ததுல இருந்து தாத்தா பாட்டியோட டென்ட்ல தூங்கணும்னு ஒரே பிடிவாதம். கிறிஸ்துமஸ் லீவுல பிரேசோஸ் பெண்ட் ஸ்டேட் பார்க் போலாமான்னு யோசிக்கறோம், வீட்ல இருந்து ஒரு மணி நேரம் தான். ஆனா அம்மாவுக்கு முட்டி வலி, தரையில உக்காந்து எழுந்திருக்கறதே கஷ்டம். அப்பாவுக்கு பிரச்சனை இல்ல, ஊர்ல இன்னும் மொட்டை மாடில தான் படுப்பாரு. அங்க முதலை வேற இருக்குன்னு சொல்றாங்க, அத கேட்டதுல இருந்து அம்மா "நான் வீட்லயே இருக்கேன், நீங்க போயிட்டு வாங்க"ங்கறாங்க. அவங்கள விட்டுட்டு போக எனக்கு மனசே வரல. வயசானவங்கள கூட்டிட்டு போனவங்க யாராவது சொல்லுங்களேன்.

ரிச்மண்ட் அண்ணாச்சி:
தங்கச்சி, கண்டிப்பா கூட்டிட்டு போங்க. எங்க மாமனார் மாமியார ரெண்டு தடவ அங்க கூட்டிட்டு போயிருக்கேன். ஒண்ணு மட்டும் கேளுங்க, டென்ட் சைட் எடுக்காதீங்க, ஸ்க்ரீன்ட் ஷெல்டர்னு ஒண்ணு இருக்கு அத எடுங்க. கூரையும் தரையும் இருக்கும், சுத்தி கொசுவலை அடிச்சிருக்கும், கரண்ட் இருக்கும், வெளிய தண்ணி குழாய், மேஜை, நெருப்பு மூட்ட வளையம் எல்லாம் இருக்கும். மெத்தை நாம தான் கொண்டு போகணும். அம்மாவுக்கு உயரமான மடக்கு கட்டில் ஒண்ணு வாங்கிருங்க, காத்தடிக்கற மெத்தை வேண்டாம், அதுல இருந்து முட்டி வலிக்காரங்க எழுந்திருக்கவே முடியாது, என் மாமியார் பட்ட பாடு எனக்கு தெரியும். பசங்க டென்ட் டென்ட்னு கேட்டா சின்ன டென்ட்ட ஷெல்டருக்குள்ளயே விரிச்சு விட்ருங்க, ரொம்ப சந்தோஷமா தூங்குவாங்க.

டிசம்பர் நல்ல மாசம். கொசு கம்மி, வேர்வை இல்ல. ஆனா வடக்க இருந்து குளிர்காத்து வந்துச்சுன்னா ராத்திரி 40 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு இறங்கிரும், வலை வழியா காத்து நேரா உள்ள வரும், அதனால போர்வை, குல்லா, சாக்ஸ் எல்லாம் தாராளமா எடுத்துக்கோங்க. குளிருதேன்னு கரி அடுப்பையோ கேஸ் அடுப்பையோ மட்டும் உள்ள கொண்டு போயிராதீங்க, அதுல வர்ற கார்பன் மோனாக்சைடுங்கற விஷ வாயுவுக்கு வாசனையே கிடையாது, தூக்கத்துலயே உயிர் போயிரும்.

புக்கிங் 5 மாசம் முன்னாடியே திறந்துரும், இந்நேரம் சனிக்கிழமைங்க எல்லாம் போயிருக்கும். ஞாயிறு ராத்திரியோ வார நாளோ பாருங்க, தினமும் ஒரு தடவ புக்கிங் வெப்சைட்ட பாத்துட்டே இருந்தா யாராவது கேன்சல் பண்ணுவாங்க. ஒரு சைட்டுக்கு 8 பேர் வரைக்கும் விடுவாங்க, நீங்க 6 பேர், போதும். வருஷ பாஸ் வாங்கிட்டா ஒரு வருஷத்துக்கு டெக்சாஸ் ஸ்டேட் பார்க் எல்லாத்துலயும் உங்க கார்ல வர்ற எல்லாருக்கும் நுழைவு கட்டணம் கிடையாது, பெரியவங்க நாலு பேர் இருக்கறதால சில தடவ போனாலே காசு வந்துரும்.

பைன்மரக்காரன்:
எனக்கு வேற கருத்து. சின்ன பசங்கள வச்சுகிட்டு முதலை இருக்கற எடத்துல ராத்திரி தங்கறதுக்கு பதிலா ஹன்ட்ஸ்வில் ஸ்டேட் பார்க் போங்க, ஐ-45 ஹைவேல நேரா வடக்க, பைன் காடு, நடுவுல ரேவன் ஏரி, பாக்க ஊட்டி பக்கம் மாதிரி இருக்கும். கேட்டில இருந்து கொஞ்சம் தூரம் ஜாஸ்தி தான், ஆனா அம்மா மனசு நிம்மதியா இருக்கும்ல.

ரிச்மண்ட் அண்ணாச்சி:
தம்பி, ஹன்ட்ஸ்வில் ஏரிலயும் முதலை இருக்கு, போர்டே வச்சிருக்காங்க. இந்த பக்கம் ஏரின்னு இருந்தா முதலையும் இருக்கும்னே வச்சுக்கணும். பயப்படறத விட எப்படி நடந்துக்கணும்னு தெரிஞ்சுக்கறது தான் முக்கியம். 30 அடிக்கு கிட்ட போகக் கூடாது, தண்ணி ஓரத்துல பசங்கள விளையாட விடக் கூடாது, சாப்பாடு போடவே கூடாது, அது சட்டப்படியும் குத்தம். மனுஷன் கையால தின்னு பழகின முதலை தான் அப்புறம் மனுஷன தேடி வரும். வாய திறந்து உஸ்ஸுன்னா நீங்க ரொம்ப கிட்ட போயிட்டீங்கன்னு அர்த்தம், அப்படியே பின்னாடி வந்துருங்க. குளிர்காலத்துல அதுங்க மந்தமா தான் இருக்கும், வெயில் அடிச்சா கரைல வந்து கட்டை மாதிரி படுத்திருக்கும்.

முட்டி வலிக்கு கிரீக்ஃபீல்ட் ஏரி பாதை தான் சரி, அரை மைல் தான், தார் போட்ட மாதிரி சமமா இருக்கும், வீல்சேரே போகும். 40 ஏக்கர் ஏரிய சுத்தறது 1.2 மைல், அது அப்பாவுக்கும் பசங்களுக்கும். காலைல விடிஞ்ச உடனே போங்க, கொக்கு, நாரை, பாம்புத்தாரா எல்லாம் கிட்டவே உக்காந்திருக்கும், பாம்புத்தாரா ரெக்கைய விரிச்சு காயவைக்கறத எங்க மாமனார் பாத்துட்டு "நம்ம ஊர் கொளத்துல பாத்ததுடா இது"ன்னு அப்படியே நின்னுட்டாரு.

ஷுகர்லேண்ட் அக்கா:
சாப்பாடு பத்தி யாருமே சொல்லல, நான் சொல்றேன். ராத்திரிக்கு புளியோதரை, தயிர் சாதம், உருளைக்கிழங்கு வறுவல் வீட்லயே செஞ்சு எடுத்துட்டு போயிருங்க, காலைல மட்டும் தோசை. மாவ பாட்டில்ல ஊத்தி ஐஸ் பாக்ஸ்ல வைங்க, ரெண்டு அடுப்பு கேஸ் ஸ்டவ், இரும்பு கல்லு, அவ்ளோ தான், குளிர்ல சுடச்சுட தோசை சாப்பிடற சுகம் வீட்ல வராது. ஆனா ராத்திரி எல்லாத்தையும் கார்குள்ள வச்சு பூட்டிருங்க, நாங்க மேஜை மேல விட்ட ஐஸ் பாக்ஸ ரேக்கூன்னு பூனைய விட கொஞ்சம் பெரிய காட்டுப் பிராணி ஒண்ணு தொறந்து மாவு மொத்தத்தையும் கொட்டிருச்சு, பசங்க காலைல வெறும் பிரெட் தின்னாங்க. விறகு அங்க பொறுக்கக் கூடாது, காசு குடுத்து வாங்கிக்கங்க, போறதுக்கு முன்னாடி நெருப்புக்கு தடை எதாவது இருக்கான்னும் பாத்துக்கங்க. தரைல ஃபயர் ஆன்ட்னு நெருப்பா கடிக்கற எறும்போட புத்து இருக்கும், பசங்களுக்கு ஷூ கட்டாயம். பாட்டிக்கு டார்ச் தலைமாட்டுலயே வைங்கம்மா, ராத்திரி பாத்ரூம் போக கொஞ்சம் நடக்கணும், முடிஞ்சா பாத்ரூமுக்கு பக்கத்து ஷெல்டரா பாத்து புக் பண்ணுங்க.

அப்புறம், பார்க்குக்குள்ளயே ஜார்ஜ் அப்சர்வேட்டரி இருக்கு, சனிக்கிழமை ராத்திரி 36 இன்ச் டெலஸ்கோப் வழியா பாக்க விடுவாங்க, டிக்கெட் தனி. சனிக்கிழமை கெடைக்கலன்னாலும் பரவால்ல, ஊரவிட்டு தள்ளி இருக்கறதால வானம் வீட்ட விட நல்லா தெரியும்.

கேட்டி அம்மு:
அண்ணா, அக்கா, ரொம்ப ரொம்ப நன்றி. பைன்மரக்காரன் உங்களுக்கும், அடுத்த தடவ ஹன்ட்ஸ்வில் தான். நேத்து ராத்திரி ஒரு கேன்சலேஷன் வந்துச்சு, ஞாயித்துக்கிழமைக்கு ஷெல்டர் புக் பண்ணிட்டேன், ஒரே ஒரு ராத்திரி. அம்மாகிட்ட கட்டில், கரண்ட், கொசுவலை எல்லாம் இருக்குன்னு சொன்னேன், முதலைய பத்தி அண்ணா சொன்னதயும் படிச்சு காட்டினேன், ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல, அப்புறம் "தோசைக்கு மாவு நான் ஆட்டறேன், நீ கடைல வாங்காத"ன்னாங்க. அப்பா பசங்களுக்கு இப்பவே கொல்லைல நின்னு கிழக்கு எந்த பக்கம்னு காட்டிட்டு இருக்காரு, டிசம்பர்ல இருட்டினதும் கார்த்திகையும் ரோகிணியும் அங்க தான் மேல வரும், திருவாதிரை அதுக்கு பின்னாடியே வரும்னு. அண்ணா, நீங்க சொன்ன அந்த மடக்கு கட்டில் எந்த கடைல வாங்கினா ஸ்ட்ராங்கா இருக்கும்?