தெருவில் போதைப்பொருள் விற்பனையை எதிர்த்து நின்றவர்கள்: உங்களுக்கு நேர்ந்தது என்ன?

கீழத்தெருவாசி:
காவல் நிலையத்தில் பலமுறை முறையிட்டும் பலன் இல்லாததால், இருட்டியதும் தெருமுனையில் நாங்களே கூடி நிற்கத் தொடங்கினோம். அந்தப் பின்னணி இங்குள்ள எல்லோருக்கும் பழக்கமானதுதான். ஒரு நாள் எங்களுள் சிலர் ஓர் இருசக்கர வாகனத்தை மறித்துச் சாவியைப் பிடுங்கி, ஓட்டி வந்தவனின் தோள்பையைப் பிரித்து, உள்ளிருந்த கஞ்சாப் பொட்டலங்களை மதில்மேல் வரிசையாக அடுக்கிவிட்டார்கள். வந்து இறங்கிய உதவி ஆய்வாளர் அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, மதில்மேல் டார்ச் அடித்துவிட்டு, "பையைப் பிரித்தது யார்?" என்றுதான் கேட்டார். அந்தப் பொட்டலங்கள் அவனிடம்தான் இருந்தன என்று பிறகு நிறுவ முடியவில்லை. மறித்தவர்கள்மீதோ, புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 126-ஆவது பிரிவின்படி, ஒருவரைச் சட்டவிரோதமாகத் தடுத்து நிறுத்தியதாக வழக்குப் பதிவானது. அந்தக் கேள்வி இன்னும் என் காதில் ஒலிக்கிறது.

வழிப்போக்கன்:
உங்கள் பதிவைப் படிப்பவர்கள், பொதுமக்கள் யாரையும் பிடிக்கவே கூடாது என்று எண்ணிவிடுவார்கள். அது சரியல்ல. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 40-ஆவது பிரிவு, பிணையில் விடத்தகாததும் பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்கதுமான குற்றத்தைத் தன் கண்ணெதிரே செய்பவரைத் தனிநபரே பிடித்து, ஆறு மணி நேரத்துக்குள் காவல்துறையிடம் ஒப்படைக்க இடம் தருகிறது. எங்கள் பகுதியில் பொட்டலம் கைமாறியதை நேரில் கண்டு ஒருவனை நிறுத்தி வைத்தோம். அவன் அதைச் சாக்கடையில் வீசியபோதும் யாரும் குனிந்து எடுக்கவில்லை. காவலர் வந்ததும் இடத்தை மட்டும் காட்டினோம்.

மாடிவீட்டு அக்கா:
வழிப்போக்கன் அவர்களே, நீங்கள் கண்ணால் கண்டீர்கள். பல தெருக்களில் சந்தேகம் ஒன்றே போதுமென்று பிடிக்கிறார்கள், அதற்கு அந்தப் பிரிவு துணை வராது. எங்கள் தெருவில் ஓர் இளைஞனின் படத்தை அச்சிட்டு, "இவன் விற்கிறான்" என்று சுவரொட்டி ஒட்டினார்கள். அவன் விற்றவன் அல்லன், பழக்கத்துக்கு அடிமையாகிச் சிகிச்சைக்குச் சென்றுகொண்டிருந்தவன். அவன் தாய் பட்டப்பகலில் வந்து, யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல், சுவரொட்டிகளை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார். 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டமே, தானாக முன்வந்து சிகிச்சை பெறும் அடிமைக்கு 64ஏ பிரிவில் வழக்கிலிருந்து விலக்களிக்கிறது. சட்டம் காட்டும் அந்தப் பரிவைத் தெரு காட்டவில்லை.

ஓய்வுபெற்ற எழுத்தர்:
என் அனுபவம் சிறியது. விற்பனை நடந்த வீட்டின் முன் பந்தல் போட்டு உட்கார்ந்தோம். தடையாணை இருப்பதாகச் சொல்லிக் கலைத்துவிட்டார்கள். அன்றிலிருந்து கேட்பவர்களுக்கெல்லாம் நான் சொல்லிவருவதை இங்கும் சொல்கிறேன். ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமையை அரசமைப்பின் 19-ஆவது பிரிவு தருகிறது. பொது ஒழுங்குக்காக நியாயமான கட்டுப்பாடு விதிக்கவும் அதே பிரிவு அனுமதிக்கிறது. பழைய 144 தடையாணை இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 163-ஆவது பிரிவின்கீழ் வருகிறது; ஆகவே அது நடப்பில் உள்ளதா என்று முன்கூட்டியே விசாரித்து, எழுத்து மூலம் அனுமதி பெறுங்கள். பொதுவழியைக் காலவரையின்றி அடைத்துப் போராட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் ஷாஹீன் பாக் வழக்கில் தெளிவாகக் கூறிவிட்டது. ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து மிரட்டினாலோ வீட்டுக்குள் நுழைந்தாலோ, நீங்களே சட்டவிரோதக் கூட்டமாகிவிடுவீர்கள். பெயரைச் சுவரில் எழுதாமல் புகார் மனுவில் எழுதுங்கள்: உரிய அதிகாரியிடம் நல்லெண்ணத்துடன் அளிக்கும் புகார் அவதூறாகாது என்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆவது பிரிவிலேயே விதிவிலக்காக உள்ளது. தகவல் தந்தவர் யாரென்று அதிகாரியை யாரும் வற்புறுத்திக் கேட்க முடியாது என்பதற்குப் போதைப்பொருள் சட்டத்தின் 68-ஆவது பிரிவு இருக்கிறது. பெயர் வெளியே வந்துவிடுமோ என்று அஞ்சி ஒதுங்குபவர்களிடம் இதைக் கட்டாயம் எடுத்துச் சொல்லுங்கள்.

கீழத்தெருவாசி:
எழுத்தர் ஐயா, அனுமதி கேட்டு மூன்று தெருக்காரர்களும் சேர்ந்து மனு எழுதிவிட்டோம். மறித்தவர்கள்மீதான வழக்கு நிலுவையில் இருக்கும்போது அவர்களும் அதில் கையெழுத்திடலாமா என்பதை மட்டும் சொல்லுங்கள்.